மெமரிக்கு வைத்த சந்தனம்

ஆயுத பூஜையன்று எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் வயிற்றைத் திறந்து மாமா சந்தனம் பூசினார். வீடே சுற்றி நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டது. யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. சொல்லப்போனால், கொரட்டூரிலேயே முறைப்படி பூஜை நடந்த ஒரே கம்ப்யூட்டர் எங்களுடையதுதான் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமை மறுநாள் காலை வரைக்கும் தாங்கியது.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். கம்ப்யூட்டர் அத்தையுடையது. அத்தை என்றால் அப்பாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். கல்யாணம் அமையவில்லை. அதைப் பற்றிக் கவலைப்படும் வேலையைச் சொந்தக்காரர்களிடம் விட்டுவிட்டு, அவள் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஊரில் எல்லோரும் கம்ப்யூட்டர் கிளாஸுக்குப் போக ஆரம்பித்ததும் இன்ஸ்டிடியூட்டை இழுத்து மூடிவிட்டார்கள். அப்புறம் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு துணி எக்ஸ்போர்ட் கம்பெனிக்குத் தைக்கப் போனாள். பஞ்சுத் தூசி அவளுக்கு ஆகவில்லை. படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்து மூச்சை இழுத்து இழுத்து விடுவாள். பக்கத்தில் படுத்திருந்த எனக்கு அந்தச் சத்தம் இன்றைக்கும் பயம்.

அந்த வேலையை விட்டுவிட்டுத்தான், ஏதோ ஒரு ஆபீஸில் கழித்துக் கட்டிய அந்த 386 கம்ப்யூட்டரை வாங்கினாள். மண்ணூர்பேட்டையில் ஒரு பிரஸ்ஸில் அச்சாகும் கல்யாணப் பத்திரிகைகளை வீட்டிலிருந்தே அடித்து, வடிவம் பார்த்து, பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுப்பாள். அப்பாவுக்கு அந்தப் பெட்டியின் மேல் நம்பிக்கை கிடையாது. அவர் கம்பெனி வேன் ஓட்டுகிறவர். சக்கரம் இல்லாத எந்த இயந்திரத்தையும் அவர் முழுசாக நம்பியதில்லை. எக்ஸ்போர்ட் கம்பெனியில் மறுபடி ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தியை வாரம் ஒரு முறையாவது, யாருக்கோ சொல்கிற மாதிரி, சுவரைப் பார்த்துச் சொல்வார்.

மாமா, அம்மாவின் தம்பி. எஸ்டேட்டில் பம்புக்கு உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் லேத் ஓட்டினார். கல்யாணமாகி மண்ணூர்பேட்டையில் தனியாக இருந்தார். அவருடைய மனைவி அப்போது மாசமாக இருந்தாள். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருப்பார்கள். மாமா வெர்னியர் வைத்திருப்பார். தேங்காய் வாங்கினாலும் அந்த அளவுகோலின் இரண்டு தாடைகளுக்கு நடுவே பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுப்பார். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் மாமா என்னைத் தன் கம்பெனிக்குக் கூட்டிக்கொண்டு போவார். வாசலில் வாழைமரம், மைக் செட், இயந்திரத்துக்கு இயந்திரம் மாலை. கை நிறையப் பொரியும் ஒரு ஸ்வீட் டப்பாவும் கிடைக்கும். அந்த வருஷம் மட்டும், "கம்பெனில இந்த தபா சிம்பிளா முட்ச்சிக்கினாங்க" என்று சொல்லிவிட்டு, பூவும் பூசணிக்காயுமாகக் காலையிலேயே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். ஸ்வீட் டப்பா போயிற்றே என்பதுதான் அன்றைக்கு எனக்கிருந்த ஒரே வருத்தம்.

மாமா எதையும் விட்டுவைக்கவில்லை. அப்பாவின் சைக்கிள், மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, அரிவாள்மணை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார். கம்ப்யூட்டருக்கு அத்தை ஏற்கெனவே டிவி மாதிரி இருந்த அதன் தலைமேல் ஒரு பொட்டு வைத்திருந்தாள். மாமாவுக்கு அது போதவில்லை.

"மேல வச்சா அது பெயிண்ட்டுக்கு வச்ச மாறிங்க. வேலை செய்ற எடத்துல வைக்கணும். லேத்துல நாங்கோ டூலையே கயட்டி, தொடச்சி, சந்தனம் வச்சி மாட்டுவோம். இதுல இன்னா வேலை செய்யுது?"

அத்தை யோசித்தாள். "எல்லாமும்தான் செய்யுது. ஆனா நான் எது அடிச்சாலும் மொதல்ல மெமரிலதாம்பா வந்து நிக்கும்."

"அப்ப அதுக்கு வைக்கலாம்."

அத்தையே ஸ்க்ரூவைத் திருகி மூடியைக் கழற்றிக் காட்டினாள். உள்ளே விரல் நீளத்துக்குப் பச்சைப் பட்டைகள் நாலு, வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் மேலும் கறுப்பு கறுப்பாகச் சில்லுகள். அடியில் பளபளவென்று பொடிப்பொடிப் பற்கள். பக்கத்தில் அதே மாதிரி இன்னும் நாலு இடம் காலியாகக் கிடந்தது. மாமா கையைக் கழுவிக்கொண்டு வந்து, நாலையும் ஒவ்வொன்றாக எடுத்து, துடைத்து, பன்னீரில் குழைத்த சந்தனத்தை நீளமாக இழுத்துப் பூசி, நடுவில் குங்குமம் வைத்துத் திரும்ப மாட்டினார். அம்மா கற்பூரம் காட்டினாள். பெட்டிக்குள் சந்தன வாசனை கமகமவென்று இருந்தது.

பூஜைக்கு வைத்ததை அன்றைக்குத் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து, எல்லோரும் நிற்க, அத்தை சுவிட்சைப் போட்டாள். வழக்கமாகப் போட்டவுடன் திரையின் மேல் மூலையில் எண்கள் டிக் டிக் என்று ஓடும். நாலாயிரத்துச் சொச்சத்தில் போய் நிற்கும். கம்ப்யூட்டர் தன் மெமரியைத் தானே எண்ணிப் பார்த்துக்கொள்கிறது என்று அத்தை சொல்லியிருந்தாள். எனக்கு அந்தக் கம்ப்யூட்டரில் பிடித்ததே அதுதான். அன்றைக்கு எண் வரவில்லை. திரை கறுப்பாகவே இருந்தது. உள்ளேயிருந்து பீப் பீப் என்று விடாமல் ஒரு சத்தம் வந்தது.

அப்பா மட்டும் அந்தச் சத்தத்தை எங்கோ கேட்டவர்போலத் தலையைச் சாய்த்தார். "இன்னா, ரிவர்ஸ்ல போவுதா?" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அத்தை அவசரமாகப் பட்டைகளைக் கழற்றி, சந்தனத்தைத் துணியால் துடைத்து மாட்டினாள். அதே சத்தம். கம்ப்யூட்டரை எங்களுக்கு விற்றவரை மதியம் அழைத்து வந்தார்கள். அவர் உள்ளே பார்த்ததும் முதலில் முகர்ந்தார். அப்புறம், "சந்தனம் யாரு வச்சது?" என்றார்.

"நாந்தான்" என்றார் மாமா.

அவர் மாமாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அத்தையிடம் பேசினார். மெமரி போய்விட்டது என்றார். இது பழைய காலத்து மெமரி, இப்போது வருவதெல்லாம் இதைவிட நீளம், இந்த இடத்தில் உட்காராது. உட்காருகிறதே என்று வாங்கிவிடவும் கூடாது. நாலும் ஒரே கொள்ளளவு, ஒரே வேகம், ஒரே மாதிரி சில்லு என்று இருக்க வேண்டும். மூன்று ஒன்றாக இருந்து ஒன்று மட்டும் வேறாக இருந்தாலும் வண்டி கிளம்பாது. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் தேடினால் கிடைத்தாலும் கிடைக்கலாம்; அதற்குப் புதுசாகவே ஒரு கம்ப்யூட்டர் வாங்கிவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"நாலும் ஒத்துமையா இருந்தாத்தான் ஓடும்னா அது குடும்பத்துலயே நடக்காது" என்று அம்மா பெருமூச்சு விட்டாள்.

பிரஸ்காரர் அந்த வாரமே ஒரு கட்டு பத்திரிகை வேலை கொடுத்திருந்தார். ஐப்பசி முகூர்த்தங்கள் வந்துகொண்டிருந்தன. நேரத்துக்குக் கொடுக்காவிட்டால் அம்பத்தூர் ஓ.டி.யில் புதிதாகத் திறந்திருக்கும் கம்ப்யூட்டர் சென்டருக்கு வேலை போய்விடும். போனது திரும்பி வராது. அத்தை அன்று சாயங்காலமே அவரைப் பார்த்து இரண்டு மூன்று நாள் கெடு கேட்கப் போனாள். கெடு கிடைத்தது. ஆனாலும் திரும்பி வந்தவள் வாசலிலேயே செருப்பைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் நின்றிருந்தாள். சாப்பிடவும் இல்லை. அப்பா சுவரைப் பார்த்து, "தீபாவளிக்குள்ள இது ஓடலன்னா காயலாங்கடைதான். எக்ஸ்போர்ட்ல ஆள் எட்த்துகினுதான் கீறாங்கோ" என்றார். நான் அத்தையின் நெஞ்சைப் பார்த்தேன். இப்போதே மூச்சு இழுக்கிற மாதிரி எனக்குத் தோன்றியது.

அடுத்த நாள் காலை பத்து மணிக்கு மாமா வந்தார். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போயாகிவிட்டது. அம்மா எஸ்டேட்டில் மருந்து பாட்டிலுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். எனக்குக் காலாண்டு லீவு. மாமா கம்பெனியின் நீலச் சட்டை போட்டிருந்தார். கையில் டிபன் கேரியர்.

"வேலைக்குப் போலயா மாமா?" என்று கேட்டேன்.

"ஷிஃப்ட்டு மாத்திட்டான் கண்ணு" என்றார். அப்புறம் அத்தையைப் பார்க்காமலே, "நான் கெட்த்தது. நாந்தாங்க சரி பண்ணணும். ஒரு பீஸ் சாம்பிள் குடுங்கோ" என்றார்.

அத்தை ஒரு நொடி அவர் சட்டையையும் கேரியரையும் பார்த்தாள். ஒரு பட்டையை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்தாள். மாமா வெர்னியரை எடுத்து நீளம் பார்த்தார், உயரம் பார்த்தார், பற்களை எண்ணினார். கொரட்டூர் ஸ்டேஷனுக்குப் போய் ரயில் பிடித்தார்.

மூன்று மணி வாக்கில் நாலு பட்டைகளோடு வந்தார். அளவு மயிரிழை பிசகவில்லை. மாட்டியபோது டக் டக் என்று உட்கார்ந்தன. சுவிட்சைப் போட்டால் அதே ரிவர்ஸ் சத்தம். மாமா தரையில் உட்கார்ந்துவிட்டார். வெர்னியரின் தாடையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். அத்தை கொடுத்த டீ ஆறிப்போய் ஆடை கட்டியது.

"ஒத்து வர்லன்னா மாத்திக்கலாம்னு சொன்னான். நாளைக்கிப் போய் மாத்தியாறேன்" என்று எழுந்தார். சாம்பிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அளவு மனப்பாடமாகிவிட்டதாம்.

அவர் போனதும் அத்தை என்னைக் கூப்பிட்டாள். "ஏய், பழசு நாலும் கெட்டுப்போச்சு, சரி. புதுசா வந்த நாலும் எப்பிடிடி அதே மாதிரி கத்தும்? டார்ச்ச எடுத்தா."

நான் டார்ச் அடித்தேன். அத்தை மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தாள். பட்டைகள் உட்காரும் பள்ளங்களுக்குள், பல் பல்லாக இருந்த கம்பிகளுக்கு நடுவே, சந்தனம் காய்ந்து கெட்டியாக இறுகியிருந்தது. மெமரிக்கு ஒன்றும் ஆகவில்லை. அது உட்காரும் இடத்தில்தான் சந்தனம். அத்தை இன்ஸ்டிடியூட்டில் டைப்ரைட்டர் எழுத்துகளைச் சுத்தம் செய்ய வைத்திருந்த பிரஷ்ஷை எடுத்தாள். ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொரு பள்ளமாகத் தேய்த்து எடுத்தாள். பழைய பட்டைகளின் பற்களை என்னுடைய ரப்பரால் அழித்துத் துடைத்தாள். அது ஸ்ட்ராபெரி வாசனை ரப்பர். நான் மூச்சுக் காட்டவில்லை.

சுவிட்சைப் போட்டாள். டிக் டிக் டிக் என்று எண்கள் ஓடின. நாலாயிரத்துச் சொச்சம். அத்தை என்னை இழுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அவள் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஆனால் மூச்சு சீராக இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இனி எக்ஸ்போர்ட் இல்லை, காயலான் கடை இல்லை என்று நிம்மதியாக ஒரு அழுகை.

"ஓடிப் போய் மாமாகிட்ட சொல்லட்டா? ரயில்வே கேட்டாண்டதான் போயிருப்பாரு" என்றேன்.

அத்தையின் கை என் தோளில் அப்படியே நின்றது. வாசல் பக்கம் பார்த்தாள். "வேணாம்" என்றாள். "மாமாகிட்ட சொல்லக்கூடாது. அம்மாகிட்டயும் சொல்லக்கூடாது. யார்கிட்டயும்."

"ஏன்?"

"சொல்லக்கூடாதுன்னா சொல்லக்கூடாது."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு நாடகம் நடந்தது. பகலெல்லாம் கம்ப்யூட்டர் ஜம்மென்று ஓடும். அத்தை மடமடவென்று பத்திரிகை அடிப்பாள். நான் வாசலில் பாண்டி ஆடுகிற சாக்கில் தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மாமாவின் நீலச் சட்டை திரும்பினால், "அத்தே, தண்ணி வந்துடுச்சு!" என்று கத்த வேண்டும். உள்ளே அத்தை அணைத்து, கழற்றி, நாலு பட்டைகளையும் கைக்குட்டையில் சுற்றிப் பீரோவில் புடவைக்கு அடியில் தள்ளுவாள். மாமா உள்ளே வரும்போது மூடி திறந்தபடி செத்துக் கிடக்கும் பெட்டி. ஒரு தடவை நான் கத்தியதைக் கேட்டுப் பக்கத்து வீட்டம்மா குடத்தோடு அடிபம்புக்கு ஓடிப்போய், வெறும் பம்பை அடித்துப் பார்த்துவிட்டு என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

பத்திரிகை வேலை கெடுவுக்கு முன்னாலேயே முடிந்தது. அத்தையே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அடுத்த கட்டும் வாங்கி வந்தாள். அவள் கவலை தீர்ந்தது. ஆனால் மாமா மட்டும் வெயிலில் அலைந்துகொண்டிருந்தார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டாம் முறை அவர் கொண்டுவந்தவை வேலை செய்தன. ஆனால் எண்கள் ஆயிரத்துச் சொச்சத்திலேயே நின்றுவிட்டன. அளவு ஒன்றுதான், கொள்ளளவு கால்வாசி. "பார்க்க ஒரே மாறி கீது, உள்ள சரக்கில்ல" என்று மாமா நொந்துகொண்டார். அத்தை, "நீளத்த பாக்காதப்பா. சில்லு மேல நம்பர் போட்டிருக்கு பாரு, அத பாத்து வாங்கு" என்று எழுதிக் கொடுத்தாள். மூன்றாம் முறை மூன்று பட்டைகள் சரியாக இருந்தன. நாலாவதில் மட்டும் சில்லு பெரிசு, எண்ணிக்கையும் குறைச்சல். எண்கள் பாதியில் மாட்டிக்கொண்டு நின்றன.

வேறு யாராவதாக இருந்தால் வெறுத்துப்போயிருப்பார்கள். மாமா மாறிக்கொண்டே வந்தார். முதல் நாள் டீ குடிக்காதவர், மூன்றாம் நாள் கேரியரை எங்கள் வீட்டிலேயே திறந்து, அத்தை வைத்த கருவாட்டுக் குழம்பையும் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார். ரிச்சி ஸ்ட்ரீட்டைப் பற்றி வாய் ஓயாமல் பேசினார்.

"அங்க ஒரு பாய் கட கீதுங்க. பழைய கம்ப்யூட்டர உடச்சி உடச்சி மெமரிய மூட்டை மூட்டையா கட்டி வச்சிகினு கீறாரு. எது எதுன்னு அவருக்கே தெரில. நான் நம்பர பாத்து நாலஞ்ச தனியா எட்த்து வச்சேன். 'இன்னாப்பா, எங்க வேலை செய்ற'ன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?" என்று அத்தை கேட்டாள்.

மாமா சோற்றைப் பிசைந்தார். "லேத்துன்னு சொன்னேன். நாளைக்கு வா, மூட்டைய அவுத்து உடறேன், உனுக்கு வேணுங்கிறத நீயே பொறுக்கிக்கோன்னுட்டாரு."

"போ, போ" என்றாள் அத்தை. அந்தக் குரலில் இருந்த சந்தோஷம் எனக்கு எரிச்சலாக இருந்தது. பீரோவில் நாலு நல்ல மெமரியை வைத்துக்கொண்டு ஒருவரைப் போ போ என்கிறாளே! சந்தனம் வைத்ததற்காக மாமாவைப் பழி வாங்குகிறாள் என்று எனக்குப் பட்டது. பெரியவர்களின் கோபம் வெளியில் தெரியாமல் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன். மாமாவிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாய்வரை வந்தது. அத்தை கண்ணால் அதட்டிவிட்டாள்.

மறுநாள் மாமா வரவில்லை. அத்தை வேலையே செய்யவில்லை. நான் வாசலுக்குப் போவதற்கு முன்னால் அவள் போய் நின்றாள். அதற்கு அடுத்த நாளும் பகல் முழுக்க ஆள் இல்லை. சாயங்காலம் அப்பாவும் அம்மாவும் வந்த பிறகுதான் மாமா வந்தார். நீலச் சட்டை முழுக்க ஒட்டடையும் தூசியும். விரலெல்லாம் கறுப்பு. சிரித்துக்கொண்டே வந்து கேரியரின் மேல் தட்டைத் திறந்தார். காகிதத்தில் சுற்றி நாலு பட்டைகள்.

"ஒரு மூட்டைய பூரா கொட்டி, தெனுசு தெனுசா பிரிச்சேன். ரெண்டு நாளாச்சு. நாலும் ஒரே நம்பர், ஒரே சில்லு, ஒரே வேகம். ஒரே ஆபீஸ்லேந்து வந்ததுன்னு நெனைக்கிறேன்."

அத்தை ஒவ்வொன்றாக வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். மாட்டினாள். அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அம்மா முருகனைக் கூப்பிட்டாள். சுவிட்சைப் போட்டதும் டிக் டிக் டிக் என்று எண்கள் ஓடின. இந்தக் கம்ப்யூட்டர் ஓடி நான் பார்த்ததே இல்லை என்பதுபோல நான் நடிக்க வேண்டியிருந்தது. அவசரத்தில் எண்கள் பாதி தாண்டும்போதே கை தட்டிவிட்டேன். நல்லவேளை, யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். நாலாயிரத்துச் சொச்சத்தில் போய் நின்றது.

"ஓடுச்சு!" என்றார் மாமா. "அணைச்சிட்டு இன்னொரு தபா போடுங்கோ." போட்டாள். "இன்னொரு தபா." அதற்கும் போட்டாள். எண்கள் ஓடும்போதெல்லாம் மாமா உதடு அசையக் கூடவே எண்ணிக்கொண்டு வந்தார். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "பரவால்ல, கில்லாடிதான்யா" என்றார். அப்பாவிடமிருந்து அது பெரிய வார்த்தை. எக்ஸ்போர்ட் கம்பெனியைப் பற்றி அதற்கப்புறம் அவர் சுவரிடம் பேசவே இல்லை.

கிளம்பும்போது மாமா அத்தையிடம் மட்டும் மெதுவாக, "தெனமும் வர்றியான்னு பாய் கேக்குறாருங்க" என்றார்.

"நீ என்ன சொன்ன?"

"வரேன்னேன்."

அத்தை தலையை மட்டும் ஆட்டினாள். மாமா போனதும் கதவைச் சாத்திவிட்டு, அதன்மேல் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெரிய மூச்சு விட்டாள். தன் வேலை பிழைத்த நாளில்கூட அவள் அப்படி மூச்சு விடவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் மாமா சைக்கிள் மணியைச் சும்மா அடித்துக்கொண்டே போனது கேட்டது.

மறுநாள் நான் அவளிடம் சண்டைக்குப் போனேன். "மாமாகிட்ட ஏன் பொய் சொன்ன? பாவம், எத்தன நாளு அலையவிட்ட!"

"பொய் எங்கடி சொன்னேன்? மெமரி வேணும்னு சொன்னேன். வேணும்தானே?" என்று சொல்லிக்கொண்டே பீரோவிலிருந்து பழைய நாலையும் எடுத்தாள். மாமா கொண்டுவந்தவற்றுக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த நாலு இடங்களில் மாட்டினாள். எல்லாம் ஒரே மாதிரி என்பதால் எட்டும் சேர்ந்துகொண்டன. எண்கள் எட்டாயிரத்தைத் தாண்டிப் போயின. அதற்கப்புறம் கம்ப்யூட்டர் முன்னைவிட வேகமாக ஓடியது. பெரிய பத்திரிகைகளைக்கூட முக்காமல் திறந்தது. எனக்குக் கோபம் ஆறவில்லை. லீவு முடிகிறவரை அவளோடு பேசாமல் இருந்தேன். அவளும் எனக்கு எந்தக் காரணமும் சொல்லவில்லை. புது ரப்பர் மட்டும் வாங்கித் தந்தாள்.

மாமாவின் கம்பெனியை அந்த ஆயுத பூஜைக்குச் சில வாரங்களுக்கு முன்னாலேயே பூட்டிவிட்டார்கள் என்பது நான் கல்லூரிக்குப் போன காலத்தில்தான் எனக்குத் தெரிய வந்தது. ஒரு நாள் கத்திரிக்காய் அரிந்துகொண்டே அம்மா பேச்சுவாக்கில் சொன்னாள். மாமா அப்போது அக்காவிடமும் சொல்லவில்லை, மாசமாக இருந்த மனைவியிடமும் சொல்லவில்லை. தினமும் சட்டையை மாட்டிக்கொண்டு, கேரியரில் சோறு கட்டி வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவாராம். எங்கே போவது என்று தெரியாமல் ஏரிக்கரையிலும் ஸ்டேஷன் பெஞ்சிலும் பொழுதைக் கழித்துவிட்டு, ஷிஃப்ட் விடுகிற நேரத்துக்கு வீடு திரும்புவாராம். அத்தைக்குத் தெரிந்தது விஜயதசமி சாயங்காலம், பிரஸ்ஸில் கெடு கேட்கப் போன வழியில். மாமாவின் கம்பெனி கேட்டில் பூட்டு, வாழைமரமோ உடைத்த பூசணிக்காயோ எதுவும் இல்லை. நிற்க இடமில்லாமல் நின்ற ஒருவருக்கு, தினமும் போக ஒரு இடமும் தேட ஒரு பொருளும் கிடைத்திருக்கிறது என்பதை அவள் மட்டும் புரிந்துகொண்டிருக்கிறாள். மாமா அந்தக் கடையில் சில வருஷம் இருந்தார். அப்புறம் அம்பத்தூரில் பழைய கம்ப்யூட்டர் பாகங்களுக்குத் தானே ஒரு கடை போட்டார்.

ஆனால் அந்த வருஷம் எனக்கு இதெல்லாம் தெரியாது. பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள் தூசி தட்டித் தருகிறேன் என்று மாமா கம்ப்யூட்டரைத் திறந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். உள்ளே எட்டுப் பட்டைகள் இருந்தன. மாமா பார்த்தார். விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார். தான் கழற்றிச் சந்தனம் பூசிய நாலு எவை என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. நிமிர்ந்து அத்தையைப் பார்த்தார். அத்தை ஏதோ ஒரு பத்திரிகையில் மாப்பிள்ளையின் அப்பா பெயரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள், தலையைத் தூக்கவே இல்லை.

இதோ வெடிக்கப் போகிறது என்று நான் காத்திருந்தேன். மாமா கேட்டால், நடந்ததையெல்லாம் முதல் நாளிலிருந்து சொல்லிவிடத் தயாராக இருந்தேன். மாமா மறுபடி குனிந்தார். தூசியை மெல்ல ஊதினார், மூடியைப் பொருத்தினார், ஸ்க்ரூவை நிதானமாகத் திருகினார். அப்புறம், "ஒரு டீ போடுங்களேன்" என்றார். அத்தை எழுந்து போய் டீ போட்டுக் கொண்டுவந்தாள். இரண்டு பேரும் குடித்தார்கள். நான் மாமாவை ஒட்டி உட்கார்ந்துகொண்டு அத்தையை முறைத்தேன். அந்த வீட்டில் மாமாவின் பக்கம் நிற்பதற்கு நான் ஒருத்திதான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.